மோபி டிக்க மேப் வச்சு படிக்கலாமா? உங்க கேள்விகளுக்கு பதில்

கே: அண்ணா, மோபி டிக் ஒரு திமிங்கலத்த துரத்துற கதைதானே, இதுல உலகமயமாக்கல் எங்க வருது?

துரத்துறது கேப்டன் ஏஹாபோட வெறி தம்பி. கப்பல் கிளம்புனது எண்ணெய்க்கு. ஹெர்மன் மெல்வில் எழுதுன இந்த நாவல் வந்தது 1851, பென்சில்வேனியாவுல டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டுனது 1859, அதுவரைக்கும் வீட்ல நல்ல வெளிச்சத்துக்கு ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய்க்கு பெரிய மவுசு. அதுக்காக அமெரிக்காவுல நான்டக்கெட்னு ஒரு சின்ன மணல் தீவுலருந்து மூணு வருஷம் நாலு வருஷம்னு உலகத்தையே சுத்தி வருவாங்க. கப்பல்லயே செங்கல் அடுப்பு கட்டி கொழுப்ப உருக்குவாங்க, பத்த வைக்க மட்டும்தான் விறகு, அப்புறம் உருக்குன சக்கையையே அடுப்புல போடுவாங்க, திமிங்கலம் தன்னோட உடம்பாலயே வேகுது. மிதக்குற ஃபேக்டரிங்க அது.

கே: ரூட் என்ன? மேப்ல ஃபாலோ பண்ண முடியுமா?

தாராளமா. கிறிஸ்மஸ் அன்னைக்கு நான்டக்கெட்ல கிளம்பி, அசோர்ஸ், தென் அமெரிக்காவோட பிளாட்டா நதி முகத்துவாரம், நன்னம்பிக்கை முனை, அப்புறம் இந்தியப் பெருங்கடல தாண்டி சுந்தா ஜலசந்தி, ஜப்பானுக்கு வெளிய இருக்கிற பசிபிக் பகுதி, கடைசியா பசிபிக்ல பூமத்திய ரேகை. சுந்தா வர்ற அத்தியாயத்த மட்டுமாவது மேப்ப பக்கத்துல வச்சு படிங்க, சுமத்ராவும் ஜாவாவும் கிழக்கோட செல்வத்துக்கு கோட்டை மதில் மாதிரியும் அந்த ஜலசந்தி அதோட வாசல் மாதிரியும் எழுதியிருப்பாரு, அந்த வாசல் வழியா போகும்போது முன்னாடி திமிங்கலக் கூட்டம், பின்னாடி மலாய் கொள்ளைக்காரங்க.

கே: கப்பல்ல நம்ம ஊர் ஆளுங்க யாராவது உண்டா?

40ஆம் அத்தியாயத்துல நடுராத்திரி பாடி ஆடுற மாலுமிங்கள்ல ஒரு லஸ்கர் பேசுவாரு, இந்தியக் கரைலருந்து போன மாலுமிங்கள அப்படித்தான் கூப்பிட்டாங்க. ஃபெடல்லாங்குற பார்சிக்காரரும் இருக்காரு, ஆனா அவர மனுஷனா காட்டாம பேய் மாதிரியே காட்டுனது எனக்கு இன்னைக்கு வரைக்கும் வருத்தம்தான். எலிஃபண்டா குகையில இருக்குன்னு மெல்வில் சொல்ற ஒரு மச்சாவதார சிற்பத்த பத்தியும் வருது, அந்த வால் திமிங்கல வால் மாதிரியே இல்ல, பாம்பு வால் மாதிரி இருக்குன்னு குறை சொல்றாரு!

கே: லாபம் யாருக்கு போச்சு சார்?

நல்ல கேள்வி, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. சம்பளம் கிடையாது, பங்குதான். கதை சொல்ற மாலுமி இஷ்மேலுக்கு முதல்ல 777ல ஒரு பங்குன்னு பேரம் பேசுறாங்க, கடைசியில 300ல ஒண்ணு. ஈட்டி எறியிற குவீக்வெக்குக்கு 90ல ஒண்ணு. ஊர்ல இருக்குற விதவைங்க, அனாதைப் புள்ளைங்க கூட கப்பல்ல ஒரு பலகை, ரெண்டு ஆணி அளவுக்கு பங்கு வச்சிருப்பாங்க, அதனாலதான் கப்பல் சும்மா திரும்ப முடியாது. ஈட்டிக்காரங்க மூணு பேரும் யாருன்னு பாருங்க, பசிபிக் தீவுக்காரர், அமெரிக்காவோட கே ஹெட் பூர்வகுடி, ஆப்பிரிக்கர். மேல இருக்கிற மேட்டுங்க, அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரிங்க, மூணு பேரும் நியூ இங்கிலாந்து வெள்ளைக்காரங்க. அமெரிக்கா மூளைய குடுக்குது, மத்த உலகம் உடல் வலுவ குடுக்குது, ராணுவம், கால்வாய், ரயில்பாதை எல்லாத்துலயும் இதே கதைதான்னு மெல்வில் அப்பவே எழுதிட்டாரு.

கே: இதெல்லாம் அவர் நேர்ல பாத்ததா?

திமிங்கல வேட்டைய நேர்ல பாத்தவருதான். 1841 ஜனவரில அகூஷ்நெட்னு ஒரு திமிங்கலக் கப்பல்ல போனாரு, அடுத்த வருஷம் பசிபிக்ல இருக்கிற மார்க்கேசாஸ் தீவுல இறங்கி ஓடிட்டாரு.

கே: நதிய வச்சு இப்படி ஒரு நாவல் இருக்கா?

மார்க் ட்வைனோட ஹக்கிள்பெரி ஃபின். சிறுவன் ஹக் கூட தெப்பத்துல தப்பிச்சு போற அடிமை ஜிம்முக்கு விடுதலை வேணும்னா மிசிசிப்பில கெய்ரோங்குற ஊர்ல இறங்கி ஒஹையோ நதி வழியா அடிமைமுறை இல்லாத மாநிலங்களுக்கு மேல போகணும், மூடுபனில ரெண்டு பேரும் ஊர தாண்டிடுறாங்க. விடிஞ்சதும் கரையோரமா ஒஹையோவோட தெளிஞ்ச தண்ணி, அதுக்கு வெளிய மிசிசிப்பியோட கலங்கல் தண்ணி. ஊர் பின்னாடி போயிடுச்சுன்னு அந்த தண்ணிக் கலர பாத்துதான் தெரிஞ்சுக்கிறாங்க.