வாசகர் கேள்வி பதில்: ஏற்கனவே வீட்ல இருக்கற துப்பாக்கி என்ன ஆகும்?

கேள்வி: அண்ணா, எங்க பையன் அமெரிக்கால இலினாய்ஸ்ல இருக்கான், சிட்டிசன்ஷிப்பும் வாங்கிட்டான். ஷூட்டிங் ரேஞ்சுக்கு போற பழக்கம், 2021ல ஏஆர்-15னு ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கி வச்சிருக்கான். அத தடை பண்ணிட்டாங்களாமே, போலீஸ் வந்து தூக்கிட்டு போயிடுமா, கேஸ் வருமான்னு எனக்கு தூக்கமே இல்ல. (ஒரு அம்மா, திண்டுக்கல்)

பதில்: பயப்படாதீங்கம்மா, கதவ தட்டி பிடுங்கிட்டு போற சட்டம் இல்ல அது. 2022 ஜூலை 4 அன்னிக்கு இலினாய்ஸ்ல ஹைலேண்ட் பார்க்ங்கற ஊர்ல சுதந்திர தின ஊர்வலம் போய்ட்டு இருக்கறப்ப ஒருத்தன் கூரை மேலேந்து சுட்டு 7 பேர் செத்துப் போனாங்க, அதுக்கப்புறம் 2023 ஜனவரி 10ல வந்த சட்டம் இது. ஏஆர்-15 மாதிரி துப்பாக்கிய புதுசா வாங்க விக்க முடியாது, முன்னாடியே வாங்கினவங்க வச்சுக்கலாம், ஆனா சீரியல் நம்பரோட ஸ்டேட் போலீஸ்ல பதிவு பண்ணணும்னு சொல்லி 2024 ஜனவரி 1 வரைக்கும் டைம் குடுத்தாங்க. பதிவு பண்ணிட்டியான்னு பையன்கிட்ட இன்னிக்கே போன் போட்டு கேளுங்க, பண்ணலைன்னா தள்ளிப் போடாம அங்க ஒரு வக்கீல பாக்க சொல்லுங்க. பேரப்பிள்ளைங்க இருந்தா, துப்பாக்கி பெட்டில பூட்டி இருக்கா, சாவி எங்க இருக்குன்னும் கேளுங்க, எனக்கு சட்டத்தவிட அதுதான் கவலையா இருக்கு. பக்கத்து வீட்டு ஃப்ரெண்டுக்கு வித்துடலாம்னு மட்டும் நினைக்க வேணாம், டீலருக்கோ வெளி மாநிலத்து ஆளுக்கோ வாரிசுக்கோதான் குடுக்க முடியும்.

கேள்வி: செமி ஆட்டோமேட்டிக்னா மெஷின் கன்னா சார்? (கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: இல்ல தம்பி. ஒரு தடவ விசைய அழுத்தினா ஒரு குண்டுதான். ஆனா அந்த குண்டு வெடிக்கற வேகத்துலயே காலி தோட்டா வெளில தெறிச்சு அடுத்தது தானா உள்ள வந்து உக்காந்துடும், கையால எதையும் இழுக்க வேண்டாம், விரல் எவ்வளவு வேகமோ துப்பாக்கியும் அவ்வளவு வேகம். மேகசின்னா குண்டு அடுக்கி வைக்கற சின்ன பெட்டி, 30 குண்டு மேகசின் தீந்தா கழட்டிட்டு இன்னொன்னு மாட்ட சில செகண்டு போதும். அதனாலதான் எந்த நாட்டு மசோதாவ எடுத்தாலும் மேகசின் அளவப் பத்தி பேச்சு வருது.

கேள்வி: அமெரிக்கா முழுக்க இப்படி ஒரு தடை வரவே வராதா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஏற்கனவே இருந்துச்சு. 1994 செப்டம்பர்ல கிளிண்டன் கையெழுத்து போட்டார், 10 வருஷம் கெடு, 2004ல யாரும் நீட்டிக்கல. அதுலயும் பழைய துப்பாக்கிய தொடல, கம்பெனிங்க பிஸ்டல் மாதிரி கைப்பிடி, தோள்ல வைக்கற மடக்கு கட்டைன்னு ஒண்ணு ரெண்ட மாத்திட்டு கிட்டத்தட்ட அதே துப்பாக்கிய வித்தாங்க. 2022 ஜூலைல திரும்ப ஒரு மசோதா கீழ்சபைல 217க்கு 213ன்னு நூலிழைல தேறுச்சு, செனட்ல ஓட்டெடுப்புக்கே வரல.

கேள்வி: அப்ப உண்மையிலயே திருப்பி வாங்கின நாடு எது? வச்சிருந்தவங்களுக்கு நஷ்டம் இல்லையா? (வாசகி, கோவை)

பதில்: ஆஸ்திரேலியா 1996லயே பண்ணுச்சு, எனக்கு நல்லா தெரிஞ்ச கதை நியூசிலாந்துது. 2019 மார்ச் 15, கிறைஸ்ட்சர்ச்ல ரெண்டு மசூதில ஒருத்தன் சுட்டு 51 பேர் செத்துப் போனாங்க. சுட்டவன் லைசென்ஸ் எடுத்து சட்டப்படி கடைல வாங்கின துப்பாக்கிங்க அது, அதை என்னால இன்னமும் ஜீரணிக்க முடியல. ஆறாவது நாளே அப்போதைய பிரதமர் ஜெசிண்டா ஆர்டெர்ன் அந்த மாதிரி துப்பாக்கிக்கு தடைய அறிவிச்சாங்க, ஏப்ரல் 10ல பார்லிமெண்ட்ல 119 பேர் ஆதரவு, ஒரே ஒருத்தர் எதிர்ப்பு.

ஜூலைல கிறைஸ்ட்சர்ச் ரிக்கார்ட்டன் குதிரைப் பந்தய மைதானத்துல துப்பாக்கிய திருப்பி வாங்கற முதல் முகாம். ஜனங்க துப்பாக்கிய உறைல போட்டு காருல கொண்டு வந்தாங்க, போலீஸ் அங்கயே சரிபார்த்து விலை போட்டாங்க, புதுசு மாதிரி இருந்தா அடிப்படை விலைல 95 சதவீதம், பழசுக்கு 70, மோசமா இருந்தா 25, காசு பேங்குக்கு போயிடும், துப்பாக்கி ஹைட்ராலிக் மிஷின்ல நசுங்கிடும். டிசம்பர் 20 வரைக்கும் சுமார் 56,000 துப்பாக்கி வந்துச்சு, அரசாங்கத்துக்கு 10 கோடி நியூசிலாந்து டாலருக்கு மேல செலவு.

நஷ்டம் இருந்துச்சும்மா. முயல், காட்டு ஆடு பயிர மேயறத விரட்ட வச்சிருந்த விவசாயிங்க, போட்டிக்கு போறவங்க, தாத்தா குடுத்தத பத்திரமா வச்சிருந்தவங்கன்னு ஒரு தப்பும் பண்ணாத ஆயிரக்கணக்கான பேர் எவனோ ஒருத்தன் பண்ணதுக்கு நாங்க ஏன் குடுக்கணும்னு கேட்டாங்க, அந்த கேள்வில நியாயம் இருக்கு. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே தானா கொண்டு போய் குடுத்த விவசாயிங்களும் இருந்தாங்க. சின்ன .22 துப்பாக்கிய 10 குண்டு மேகசினோட வச்சுக்கவும், பயிர நாசம் பண்ற விலங்குகள ஒழிக்கற தொழில் பண்றவங்களுக்கு தனி அனுமதி வாங்கவும் வழி விட்டாங்க. என்ன கேட்டா, இனிமே விக்காதன்னு மட்டும் சொல்ற சட்டம் பாதி சட்டம்தான், வீட்ல இருக்கறதுக்கு சரியான விலைய குடுத்து வாங்கினாத்தான் வச்சிருக்கறவனுக்கும் மரியாதை, அடுத்த தெரு பிள்ளைக்கும் பாதுகாப்பு.

நியூசிலாந்துல ஒரு பெரிய குறையும் இருந்துச்சு. ஆளுக்குத்தான் லைசென்ஸ், பெரும்பாலான துப்பாக்கிக்கு தனித்தனியா பதிவே கிடையாது, அதனால 56,000 வந்துச்சுன்னு தெரியுமே தவிர இன்னும் எத்தனை பரண்ல கிடக்குன்னு யாராலயும் சொல்ல முடியல. அந்த பதிவேட 2023லதான் ஆரம்பிச்சாங்க.