நீடித்த நாட்கள் கிடைக்காவிட்டால் வாக்குத்தத்தம் பொய்யா?

கேள்வி: வருடப்பிறப்பு ஆராதனையில், அந்த வருடத்துக்கான தேவ வாக்காக அம்மா எடுத்த வாக்குத்தத்த அட்டையில் சங்கீதம் 91:16 இருந்தது: "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி…" ஜூலையிலேயே அம்மா போய்விட்டார். விசுவாசக் குறைவு என்கிறார்கள் சபையில் சிலர். இந்த வாக்கே நிறைவேறாதபோது நித்திய ஜீவனை எப்படி நம்புவது?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: சகோதரி, அம்மாவின் விசுவாசத்தைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. முப்பது வயதளவில் ஊழியத்தைத் தொடங்கிய இயேசுவே (லூக்கா 3:23) சில வருடங்களுக்குள் சிலுவையில் மரித்தார். அவருக்கா விசுவாசம் குறைவு?

இதே சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்களைச் சொல்லித்தான் பிசாசு அவரைத் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான் (மத்தேயு 4:6). வசனம் சரி, பிடுங்கி எடுத்த விதம்தான் பிழை. அட்டையிலும் அந்த ஆபத்து உண்டு. யாருக்கு, எந்த நிலைமையில், எவ்வளவு காலத்துக்குச் சொன்னது என்பது அதில் இராது. ஆகவே அட்டையை எடுத்த அன்றே அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். பலரும் விரும்பும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொண்டால், அதற்கு முந்திய வசனமே 70 வருடம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதைக் கேட்ட முதியவர்கள் அங்கேயே கண்மூடியிருப்பார்கள். டிசம்பருக்குள் என்ற கெடுவைத் தேவன் வைக்கவில்லை, நாம்தான் வைக்கிறோம்.

நித்திய ஜீவனைப் பற்றிய வாக்கோ சாவையும் சேர்த்தே சொல்லப்பட்டது. "மரித்தாலும் பிழைப்பான்" (யோவான் 11:25). கடைசி நாளில் எழுப்புவதாக இயேசு யோவான் 6ஆம் அதிகாரத்தில் மட்டும் நான்கு தடவை சொல்கிறார் (39, 40, 44, 54). அம்மாவின் மரணத்தால் இந்த வாக்கு முறியவில்லை. அந்த நாள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆபிரகாமைப் பாருங்கள். 75 வயதில் வாக்கைக் கேட்டு ஊரை விட்டுப் புறப்பட்டவருக்கு 100 வயதில்தான் ஈசாக்கு பிறந்தான். கானான் தேசமே உனக்கு என்றார் தேவன். ஆனால் அவர் விலைக்கு வாங்கியதாக ஆதியாகமம் சொல்லும் ஒரே காணி, மனைவி சாராளை அடக்கம்பண்ண 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கிய மக்பேலா நிலம்தான் (ஆதியாகமம் 23). தலைமுறைகளாகத் தேயிலை மலையில் உழைத்தும் காணி உறுதியைக் கையில் காணாத நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆபிரகாம் அந்த வாக்கை நம்பியே மரித்தார் (எபிரெயர் 11:13). தேவன் வாக்குக் கொடுத்ததோடு விடாமல் தம்மைக்கொண்டே ஆணையும் இட்டார் (எபிரெயர் 6:13-18). பிறகு கிறிஸ்துவைக் கல்லறையிலிருந்து எழுப்பினார். எழுந்தவரை 500 பேருக்கு அதிகமானோர் ஒரே வேளையில் கண்டார்கள் (1 கொரிந்தியர் 15:6).

கேள்வி: நான் மீட்கப்பட்டவன் என்று நிச்சயமாகச் சொல்வது பெருமையாகாதா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: நம் நடத்தையை நம்பிச் சொன்னால் பெருமைதான். ஆனால் நம்மைப் பிடித்திருப்பது இயேசுவின் கை (யோவான் 10:28, 29). நித்திய ஜீவன் உண்டென்று நீங்கள் அறியவேண்டும் என்பதற்காகவே யோவான் எழுதினார் (1 யோவான் 5:13). சந்தேகம் எழும் நாளில் மாற்கு 9:24இல் ஒரு தகப்பன் கண்ணீரோடு கேட்டதை அப்படியே கேளுங்கள்: "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அரைகுறை நம்பிக்கையோடு வந்த அந்தத் தகப்பனின் மகனையும் இயேசு குணமாக்கினார்.