இட்லிப்பூச் செடி வெளுக்கிறதா? யூரியாவை நிறுத்துங்கள்

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டில் மதிலோரம் வைத்த இட்லிப்பூச் செடியில் கொழுந்து மஞ்சளாக வருகிறது, இரண்டு தடவை யூரியா போட்டும் தேறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படத்தைப் பார்த்தேன். நுனி இலையில் நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளுப்பு. அடி இலை நன்றாகவே இருக்கிறது. யூரியா கொடுப்பது தழைச்சத்து; அந்தக் குறை என்றால் அடி இலைதான் முதலில் பழுக்கும். இது இரும்புச்சத்துக் குறை.

மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது. போர் தண்ணீரின் உப்பும், மதில் பூச்சிலிருந்து உதிரும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிட, வேரால் அதை எடுக்க முடிவதில்லை. இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்.

உரக்கடையில் அன்னபேதி உப்பு (பெரஸ் சல்பேட்) கேளுங்கள். லிட்டருக்கு 5 கிராம், அதோடு அரை எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்தபிறகு இலையின் இருபுறமும் தெளியுங்கள். பத்து நாளுக்கு ஒரு தடவையாக மூன்று தடவை போதும். கலக்கிய அன்றே தீர்த்துவிடுங்கள். மதிலில் பட்டால் துருக்கறை போகாது. என் வெள்ளை வேட்டி ஒன்று அப்படித்தான் தோட்டத்துத் துணியாயிற்று.

அப்புறம், முடிந்தவரை குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரையே ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விழும் மழைத் தண்ணீரைச் செடிப்பக்கம் திருப்பிவிடலாம். தூரில் மட்கிய சாணமும் சருகும் போடுங்கள். இப்போதைக்குக் கவாத்து (கிளை வெட்டுவது) வேண்டாம். புதுக் கிளை நுனியில்தான் பூ வரும், கொழுந்து பச்சையாகட்டும்.