ஹவுஸ் என்றால் எத்தனை அறை?

கேள்வி: தங்கையின் கலியாண வரவேற்பில் டிஜே போட்டதை நான் ‘டெக்னோ’ என்றேன். மச்சான் ‘இது ஹவுஸ், உனக்கு ஒன்றும் தெரியாது’ என்றார். வாக்குவாதம் முடிவதற்குள் சாப்பாடு முடிந்துவிட்டது. இரண்டுக்கும் எல்லை எங்கே இருக்கிறது? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: வெள்ளவத்தையிலிருந்து ‘ஹவுஸ்’ என்று ஒரு கடிதம் வந்தால், பாவம், வாடகைக்கு வீடு தேடுகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் இந்த மின்னணு நடன இசையின் வகைப் பெயர்களைப் பார்த்தபோது சந்தேகம் இன்னும் வலுத்தது. டீப் ஹவுஸ், ஹார்ட் ஹவுஸ், ப்ரொக்ரெஸிவ் ஹவுஸ், மினிமல், கூடவே கராஜ், ஸ்பீட் கராஜ். இது இசைப் பட்டியலா, காலி வீதித் தரகரின் கொப்பியா? டீப் ஹவுஸ்: ஒழுங்கையின் கடைசி வீடு, ஓட்டோ திரும்பாது. ப்ரொக்ரெஸிவ் ஹவுஸ்: மேல்மாடி இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஹார்ட் ஹவுஸ்: சொந்தக்காரர் கீழே குடியிருக்கிறார், ஒன்பது மணிக்குப் படலையைப் பூட்டிவிடுவார். மினிமல்: அனெக்ஸ், ஓர் அறை, சைவக் குடும்பம் மட்டும். எதுவானாலும் ஆறு மாத முற்பணம். ‘அமைதியான சூழல்’ என்று மட்டும் எந்த வகையிலும் போடமுடியாது.

பகிடிதான், ஆனால் விஷயம் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஹவுஸ் என்ற பெயர் சிகாகோவின் ‘வேர்ஹவுஸ்’ என்ற நடன விடுதியிலிருந்து வந்தது என்றே பெரும்பாலானோர் சொல்கிறார்கள். 1977 முதல் 1982 வரை பிராங்கி நக்கிள்ஸ் அங்கே டிஜேயாக இருந்தார். கராஜ் வந்தது நியூயோர்க்கின் ‘பரடைஸ் கராஜ்’ விடுதியிலிருந்து. அது உண்மையிலேயே வாகனம் நிறுத்திய கட்டடம். கிடங்கின் பெயரில் ஒரு வகை, கராஜின் பெயரில் இன்னொன்று. இதைப் படித்ததும் ‘நமது ஐந்திணையும் இப்படித்தானே’ என்று எழுதப் பேனை எடுக்கும் அன்பர்கள் தயவுசெய்து கீழே வைக்கவும். போன வருடம் கிரிக்கெட் கேள்விக்கே பதினொரு ஐந்திணைக் கடிதங்கள் வந்தன.

சரி, எல்லை. அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் ஹுவான் அட்கின்ஸ் என்ற இசைக்கலைஞரும் நண்பர்களும் செய்துகொண்டிருந்த இசையை 1988இல் பிரித்தானியாவில் ஒரு தொகுப்பு இசைத்தட்டாகப் போட்டார்கள். முதலில் அதை டெட்ரொயிட்டின் ஹவுஸ் என்ற பெயரில்தான் விற்க இருந்தார்கள். அட்கின்ஸ் கொடுத்த பாட்டின் தலைப்பில் டெக்னோ என்ற சொல் இருந்தது. அவர் முன்பே புழங்கிவந்த சொல்தான். அதைப் பிடித்துக்கொண்டு தட்டின் பெயரை மாற்றினார்கள். ஆக, நீங்களும் மச்சானும் புரியாணியைப் பறிகொடுத்துத் தேடிய எல்லைக்கல் ஒரு தட்டின் அட்டையில் நடப்பட்டது.

அதற்காக வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. இரண்டிலும் நாலு அடிக்கு நாலு முறை ‘தும்’ விழும். ஹவுஸ் டிஸ்கோவின் பிள்ளை: பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 128 அடி, யாராவது மனம் உருகிப் பாடுவார்கள், கீபோர்ட் இருக்கும். டெக்னோ பொதுவாக இன்னும் கொஞ்சம் வேகம். பாட்டுக் குரல் குறைவு, இயந்திரமே பேசும்.

இது யாருக்குத் தேவை? புறக்கோட்டையில் ஏறினால் 100ஆம் பஸ் பாணந்துறைக்குப் போகும், 101 மொரட்டுவைக்கு. பாணந்துறைக்காரர் இலக்கம் பார்க்காமல் ஏறினால் மொரட்டுவையில் இறங்கி நிற்பார். வெள்ளவத்தைக்காரருக்கு எது வந்தாலும் சரி. டிஜே பாணந்துறைக்காரர்: ஓடுகிற பாட்டோடு அடுத்ததைத் தாளம் தவறாமல் ஒட்டவேண்டும், அவருக்கு இலக்கம் வேண்டும். நீங்கள் இருவரும் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு வருவதற்கு 100ஆ 101ஆ என்று அடிபட்டிருக்கிறீர்கள்.

இலக்கம் ஒட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன் என் நாவலை ஒரு விமர்சகர் ‘96 பக்கம்தான், ஆகவே குறுநாவல்’ என்று எழுதினார். இரண்டாம் பதிப்பில் எழுத்தைப் பெரிதாக்கி 132 பக்கம் ஆக்கினேன். இன்றுவரை மறுப்பு வரவில்லை. ஆள் நலமாகத்தான் இருக்கிறார், போன கிழமையும் ஒரு புத்தக வெளியீட்டில் முன்வரிசையில் கண்டேன்.

விமர்சகரை விடுங்கள், அரசாங்கம் வகை பிரிக்க வந்தால் இன்னும் விசேஷம். 1994இல் பிரித்தானியா, இரவில் திறந்த வெளியில் கூடி ஆடுவதை அடக்க ஒரு சட்டம் போட்டது. எந்த இசை என்று சொல்ல வேண்டுமே! அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப விழும் அடிகளை முக்கிய இயல்பாகக் கொண்ட ஒலிகளும் அதில் அடங்கும் என்று எழுதினார்கள். இந்த வரைவிலக்கணத்தை இரவு பத்து மணிக்குக் காலி வீதிக்குக் கொண்டுவந்தால் முதலில் உள்ளே போகிறவர் கொத்து ரொட்டி போடுகிறவர்தான். ஓட்டெக்கர் என்ற இருவர் குழு அதே ஆண்டில், ஒரு சுற்றில் விழுந்த அடி மறு சுற்றில் அப்படியே விழாத பாட்டு ஒன்றைச் செய்து வெளியிட்டது. பொலிஸ் வந்தால் சாட்சி சொல்ல ஒரு சட்டத்தரணியையும் ஓர் இசையறிஞரையும் பக்கத்தில் வைத்திருங்கள் என்று டிஜேக்களுக்கு அட்டையில் புத்தியும் சொன்னார்கள். உங்கள் தங்கையின் கலியாணத்துக்கு அந்த இருவரையும் அழைத்திருந்தால் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பீர்கள்.

தீர்ப்பு கேட்டீர்கள். பாட்டைக் கேட்காமலே சொல்கிறேன்: மச்சான் சொன்னதுதான் சரியாக இருக்கும். கலியாண மண்டபத்தில் உண்மையான டெக்னோவைப் போட்டிருந்தால் பெரியம்மாமார் எழுந்து போயிருப்பார்கள், சாப்பாடும் மிஞ்சியிருக்கும்.

ஆனால் ஒன்றை மறைத்துவிட்டீர்கள். கொழும்புக் கலியாணம் என்றால் கடைசியில் பைலா போடாமல் விடமாட்டார்கள். அப்போது நீங்கள் இருவரும் எங்கே நின்றீர்கள்?