பக்கத்து மாநிலக் கம்பெனியும் 'ஃபாரின்' வரியும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் சில மாநிலங்கள் 'ஃபாரின்' கம்பெனிகளின் தீக்காப்பீட்டு பிரீமியத்தில் 2 சதவீத வரி வாங்குகின்றன. அது பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: சார், எங்கள் கம்பெனி ஒஹாயோவில் பதிவானது. இல்லினாய் படிவம் எங்களை 'ஃபாரின்' என்கிறதே?

பதில்: இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடமே இதுதான். வேறு மாநிலக் கம்பெனி என்றாலே 'ஃபாரின்'. லண்டன் கம்பெனி என்றால் 'ஏலியன்'.

கேள்வி: அந்த 2 சதவீதம் எங்கே போகிறது?

பதில்: தீயணைப்பு வீரர்களுக்கு. நியூயார்க், பென்சில்வேனியா, இல்லினாய் மூன்றிலும் இது பழைய ஏற்பாடு. பென்சில்வேனியாவில் தன்னார்வ வீரர்களின் நிவாரணச் சங்கங்களுக்குப் போகிறது. இல்லினாயில் வீரர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு குழு செலவை முடிவு செய்கிறது. வீட்டு பாலிசியில் திருட்டு, புயல், தண்ணீர்ச் சேதம் எல்லாம் கலந்திருக்கும். அதில் தீக்கு உரிய பங்கை மட்டும் பிரித்துக் கணக்குப் போட வேண்டும். அந்தப் பங்கு 1,000 டாலர் என்றால் வரி 20 டாலர். உள்ளூர்க் கம்பெனி பாலிசி எடுத்த வீட்டிலும் அதே வண்டிதான் வந்து தீயை அணைக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனிக்கு இந்த வரி இல்லை. எனக்கு இது இன்னும் உறுத்தல்தான்.

கேள்வி: மாநிலம் தாண்டிய வணிகத்தை ஒழுங்குபடுத்துவது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அதிகாரம் அல்லவா? மாநிலங்கள் எப்படி இப்படித் தனி வரி போடுகின்றன?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமான கதை. வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க்கில் நியூயார்க் தீக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு ஏஜென்டாக இருந்தவர் சாமுவேல் பால். லைசென்ஸ் இல்லாமல் பாலிசி விற்றார், தண்டனை விழுந்தது. 1869இல் உச்ச நீதிமன்றம், காப்பீடு வணிகமே அல்ல என்று சொல்லிவிட்டது. மாநிலங்களுக்குக் கதவு திறந்தாயிற்று. 1944இல் தென்கிழக்குத் தீக்காப்பீட்டுக் கம்பெனிகளின் கூட்டமைப்பு மீதான வழக்கில், காப்பீடும் வணிகம்தான் என்று அதே நீதிமன்றம் திரும்பியது. மாநிலங்கள் பதறின. மறு வருடமே காங்கிரஸ் மெக்காரன்-பெர்குசன் சட்டம் போட்டு வரி உரிமையை அவற்றிடமே விட்டது. வெளிக் கம்பெனிகளிடம் மட்டும் தென் கரோலினா வாங்கிய 3 சதவீதத்தை 1946இல் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

கேள்வி: அப்போ எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமா?

பதில்: இல்லை. அலபாமா உள்ளூர்க் கம்பெனிக்கு 1, வெளிக் கம்பெனிக்கு 3 அல்லது 4 சதவீதம் என்று வைத்திருந்தது. உள்ளூர்த் தொழிலை வளர்க்கத்தான் என்று காரணம் சொன்னது. 1985இல் உச்ச நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை: 5 நீதிபதிகள் எதிராக, 4 பேர் ஆதரவாக. அப்புறம் பழிவாங்கும் வரி வேறு இருக்கிறது. உங்கள் மாநிலம் எங்கள் கம்பெனியிடம் 3 வாங்கினால், எங்கள் விகிதம் 2 ஆனாலும் உங்களிடம் 3 வாங்குவோம். இதை 1981இல் நீதிமன்றம் அனுமதித்தது.

கேள்வி: பில்லில் இந்த வரியைப் பார்த்ததே இல்லையே?

பதில்: லைசென்ஸ் உள்ள கம்பெனி பெரும்பாலும் விலைக்குள்ளேயே அடக்கிவிடும். லைசென்ஸ் இல்லாத கம்பெனியிடம் தரகர் வழியாக எடுக்கும் 'சர்ப்ளஸ் லைன்ஸ்' பாலிசியில்தான் வரி பில்லில் தனித் தொகையாகத் தெரியும்.

கேள்வி: எங்களுக்குப் பத்து மாநிலங்களில் கிடங்குகள். அந்த 'சர்ப்ளஸ் லைன்ஸ்' வரியைப் பத்து இடத்திலும் கட்டணுமா?

பதில்: 2011 ஜூலை முதல் வேண்டாம். பாலிசி எடுத்தவரின் சொந்த மாநிலம் மட்டுமே வாங்கலாம். உங்கள் தரகரிடம் அது எந்த மாநிலம் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.