பேதியாகும் குட்டி நாயைப் பட்டினி போடலாமா?

கேள்வி: எட்டு நாளுக்கு முன்பு ஒரு ஷீட்ஸு குட்டி வாங்கினோம். வாங்கும்போது 45 நாள் என்றார்கள். இப்போது எடை 1 கிலோ 100 கிராம். பசும்பாலில் செரலாக் கரைத்துக் கொடுக்கிறோம், இடையிடையே பிஸ்கட். மூன்று நாளாக, தினமும் ஐந்தாறு தடவை தண்ணீராகப் போகிறது. நேற்று ஒருமுறை வாந்தி. மற்றபடி ஓடியாடுகிறது. ஒரு தடுப்பூசி போட்டாயிற்று. "ஒரு நாள் பட்டினி போடு, தானாக நிற்கும்" என்கிறார் மாமியார். மருந்துக் கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரையில் பாதி கொடுக்கச் சொன்னார்கள். எதைச் செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஓடியாடுகிறதே என்று நாளைக்குத் தள்ள வேண்டாம். மூன்று நாள் பேதி, கூடவே வாந்தி, வயது இரண்டு மாதத்துக்கும் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் தொலைபேசியில் மருந்து சொல்வதில்லை.

மாமியார் சொன்னது தவறான பழக்கம் அல்ல. 'லங்கணம் பரம ஔஷதம்' (பட்டினியே சிறந்த மருந்து) என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இருபது கிலோ நாய்க்கு அரை நாள் வயிற்றைக் காயப்போடுவது உண்டு. ஆனால் ஒரு கிலோ குட்டியின் ஈரல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை சில மணி நேரத்துக்குத்தான் வரும். அது தீர்ந்தால் குட்டி முதலில் தூங்கி வழியும், பிறகு நடையில் தள்ளாடும், அப்புறம் வலிப்பு. ஒரு முறை விடியற்காலையில் துண்டில் சுற்றி ஒரு பொமரேனியன் குட்டியைக் கொண்டுவந்தார்கள். முந்தின நாள் மத்தியானம் முதல் பட்டினி. கழுத்து பின்னால் வளைந்து, கால்கள் துடுப்புப் போடுவது மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. ஈறில் தேன் தடவி, குளுக்கோஸ் ஏற்றியதும் இருபது நிமிடத்தில் எழுந்து என் விரலைக் கடித்தது. பேதி கொஞ்சம்தான், பட்டினிதான் அதைச் சாய்த்தது.

உங்கள் குட்டி திடீரெனத் துவண்டால் சர்க்கரைக் கரைசலையோ தேனையோ விரலில் தொட்டு ஈறில் தேயுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தேய்த்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மாத்திரை விஷயம். கடைகளில் பேதிக்குக் கொடுப்பது பெரும்பாலும் லோப்பரமைடு, 2 மில்லிகிராம். வளர்ந்த மனிதனுக்கான அளவு அது. அதில் பாதி என்றாலும் உங்கள் குட்டியின் எடைக்குப் பல மடங்கு. தவிர, அது குடலின் அசைவை நிறுத்தும். உள்ளே கிருமி இருந்தால் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். பாரசிட்டமால், புரூஃபென் பக்கமும் போகாதீர்கள்.

சரி, பேதிக்குக் காரணம் என்ன? நீங்கள் எழுதியதில் என் முதல் சந்தேகம் பாலின் மேல். தாய்நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைவு. பசும்பால் அதற்கு நேர்மாறு. பால்குடி மறக்கும் வயதில் லாக்டோஸைச் செரிக்கும் நொதியும் குட்டிக்குக் குறைந்துகொண்டே வரும். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், புளிக்கும், பேதியாகும். செரலாக்கிலும் பால் பொடி இருக்கிறது. ஆக, பாலில் பாலைக் கரைத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

பாலை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடவும் முடியாது. தாயைப் பிரிந்த அதிர்ச்சி, ஒரே நாளில் மாறிய சாப்பாடு, கொஞ்சி ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுவது எல்லாமே வயிற்றைக் கெடுக்கும். (மத்திய அரசின் 2017 நாய் இனப்பெருக்க விதிகள் எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. நம் ஊரில் '45 நாள் குட்டி' என்பது இன்னும் விளம்பர வாசகம்.) உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றும், கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாக வரும். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று என்று விற்றவர் சொன்னாலும் மலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஜியார்டியா, காக்சிடியா போன்ற நுண்ணுயிரிகள் வழக்கமான பூச்சி மருந்துக்கு அசையாது, வேறு மருந்து வேண்டும். மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள், அன்றைக்குப் போனதாக இருக்கட்டும்.

என்னைப் பயமுறுத்துவது, குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ். ஒரு ஊசி போட்டதால் அது வராது என்று நினைக்க வேண்டாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். அதனால்தான் 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுகிறோம். வாந்தி அடுத்தடுத்து வருவது, மலத்தில் ரத்தம், வயிற்றைக் குமட்டும் நாற்றம், இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிட மறுப்பது, இதில் ஒன்றைக் கண்டாலும் நடு ராத்திரி என்றும் பார்க்காதீர்கள். மலம் தார் மாதிரி கறுப்பாக இருந்தாலும் அது ரத்தம்தான், மேல்குடலில் கசிந்து செரித்து வந்தது. ஆஸ்பத்திரியில் குட்டியைத் தரையில் விடாமல் மடியிலேயே வைத்திருங்கள். வந்துபோன நோயாளி நாய்கள் விட்டுச்சென்ற கிருமி அங்கே இருக்கும்.

நீர் வற்றியிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மேல் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வழவழவென்று இருக்க வேண்டும், விரலில் ஒட்டினால் நீர் போதவில்லை. 1,100 கிராம் உடம்பிலிருந்து 55 மில்லி போனாலே ஐந்து சதவீத நீர் போய்விட்டது என்று அர்த்தம். கால் டம்ளர்கூட இல்லை! தொட்டால் சுடுகிறதே என்று சிலர் பதறுவார்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பான சூடுதான். 103-ஐத் தாண்டினாலும், 99-க்குக் கீழே இறங்கினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி சாப்பாடு. டாக்டர் பார்த்து, வாந்தி நின்றிருந்தால் இப்படி ஆரம்பியுங்கள். பால், செரலாக், பிஸ்கட் மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். தோலும் எலும்பும் இல்லாத கோழி நெஞ்சுக்கறியை உப்பு, மஞ்சள்தூள், எண்ணெய் எதுவும் இல்லாமல் வேகவைத்து, நாராகப் பிய்த்துப் பொடியாக்குங்கள். ஒரு பங்கு கறிக்கு இரண்டு பங்கு குழைந்த சாதம். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே பிசையலாம். முதலில் ஒரு மேசைக்கரண்டி, தங்கினால் இரண்டு. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, படுக்கப் போகுமுன் ஒன்று, விடிந்ததும் ஒன்று. வீட்டில் கறி சமைக்க மாட்டீர்கள் என்றால் முட்டையை நன்றாக அவித்துச் சேர்க்கலாம். ரசம் சாதம் கூடாது, பூண்டு இருக்கும். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. தயிர்சாதம் கேட்பீர்கள் என்று தெரியும்: புளிக்காத தயிர் ஒரு டீஸ்பூன் பெரும்பாலான குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளும், அதுவே சாப்பாடாகக் கூடாது.

குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, அரை மணிக்கு ஒரு டீஸ்பூன் நக்க வைக்கலாம்.

இந்தக் கோழிச் சோற்றை மூன்று நான்கு நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, வளரும் எலும்புக்குப் போதாது. மலம் உருவமாக வந்ததும் சிறு இன குட்டிகளுக்கான உலர் உணவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, முதல் இரண்டு நாள் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரத்தில் மாற்றுங்கள். இந்த எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 220 கலோரி வேண்டும். உலர் உணவாக ஏறத்தாழ 60 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து. சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், கண் அளவில் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத் தெரியும். எடை கூடக்கூட அளவும் கூட வேண்டும், வாரம் ஒருமுறை குட்டியையும் நிறுத்துவிடுங்கள்.

பிஸ்கட்டை நிறுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாப்பாட்டை இளஞ்சூடாக்கி வையுங்கள், வாசனை தூக்கும். பதினைந்து நிமிடத்தில் தொடவில்லை என்றால் எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புதிதாக வையுங்கள். அப்போதும் தொடவில்லை என்றால் அது அடம் அல்ல, டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.