சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்களா?

கேள்வி: கூடப் படிக்கும் பெண் கர்ப்பமாகிவிட்டாள் என்று என் 16 வயது மகள் அழுதுகொண்டே வந்து சொன்னாள். "மாத்திரை போட்டா பின்னாடி குழந்தையே பிறக்காதாமே?" என்றும் கேட்டாள். கருத்தடை பற்றி இந்த வயதில் பேசினால், நானே வழிகாட்டியது போல ஆகிவிடாதா டாக்டர்?

மருத்துவர் பதில்: ஆகாது. பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் அதனால் சீக்கிரமே உறவில் இறங்குவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் மகள் உங்களிடமே வந்து கேட்டிருக்கிறாள். அந்தக் கதவைச் சாத்திவிடாதீர்கள். என்னிடம் வரும் வளரிளம் பருவத்தினர் பலர் மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "வீட்டில் சொல்லிவிடுவீர்களா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பயத்தில் வராமலே போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

சரி, அவள் கேட்டதற்கு வருவோம். கருத்தடை மாத்திரையால் மலட்டுத்தன்மை வராது. நிறுத்தினால் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்கு மட்டும் அதற்குச் சற்றுக் கூடுதல் காலம் ஆகலாம். உண்மையில் ஆபத்தானவை வேறு நம்பிக்கைகள். முதல் தடவையில் கரு தங்காது என்பது ஒன்று; முதல் தடவையிலேயே தங்கலாம். ஆண் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டால் போதும் என்பதை நம்பியிருக்கும் 100 பெண்களில் சுமார் 20 பேர் ஒரே ஆண்டில் கர்ப்பமாகிறார்கள். ஆணுறையை ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் அது 2 பேர்தான். நடைமுறையில் மறதியும் தவறும் சேர்ந்து 13 ஆகிறது. பால்வினை நோய்களிலிருந்தும் காப்பது ஆணுறைதான். அவசரக் கருத்தடை மாத்திரையை, பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். ஏற்கெனவே தங்கிய கருவை அது கலைக்காது.

இந்த வயதுக் கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதும், பிரசவத்துக்குப் பின் கருப்பையில் தொற்று உண்டாவதும் இருபதுகளில் இருப்பவர்களைவிட அதிகம். இதையும் மிரட்டலாக இல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். வீட்டில் பையன் இருந்தால் அவனையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். யாராவது கட்டாயப்படுத்தினால் தவறு அவள்மேல் இல்லை, எந்த நேரத்திலும் உங்களிடம் வரலாம் என்பதை வாய்விட்டே சொல்லிவிடுங்கள். சொல்லாமலே தெரியும் என்று இருந்துவிடாதீர்கள்.

அப்புறம், அந்தத் தோழி. அவள் நம்பும் பெரியவர் ஒருவர் இந்த வாரமே அவளை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். எத்தனை வாரம் என்று தெரிய வேண்டும், இரத்த அழுத்தமும் இரத்தசோகையும் பார்க்க வேண்டும், அவளை யாராவது வற்புறுத்தினார்களா என்று தனியாக வைத்து மெதுவாகக் கேட்க வேண்டும். அவளுக்கு அப்படி யாரும் இல்லை என்றால், நீங்களே கூடப் போங்கள்.